சிறைக்கதவைத் திறந்த சீட்டு!

அக்ரா நகரம் அன்று இரவு உறங்கவில்லை.

1951-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள். மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில், கோல்டு கோஸ்ட் என்று வெள்ளையர் பெயர் சூட்டி ஆண்டுவந்த தங்கக்கரை நாட்டில் பொதுத் தேர்தல். அங்காடியில் மீன் விற்கும் மாதர், மூட்டை சுமக்கும் தொழிலாளர், லாரி ஓட்டுபவர், தையற்காரர், திண்ணையில் படுத்துறங்கும் வேலையற்ற வாலிபர் என்று பகலில் ஓட்டுப் போட்ட மக்கள், இரவில் முடிவுக்காகக் காத்துக் கிடந்தனர்.

அவர்களின் வேட்பாளர் யார்? அந்தத் தேர்தலில் ஒரு மேடையிலும் அவர் ஏறவில்லை. ஒரு தெருவிலும் ஊர்வலம் வரவில்லை. ஒருவர் கையையும் பிடித்து ஓட்டுக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அவர் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் கைதி! ஒரு காலத்தில் அடிமை வாணிபத்துக்காக ஆங்கிலேயர் எழுப்பிய கோட்டை அது. பிறகு அதுவே சிறைச்சாலை.

முடிவு வந்தது. அக்ரா நகரில் பதிவான ஓட்டுகள் 23,122. அந்தக் கைதிக்கு விழுந்தவை 22,780. கணக்குப் போடுங்கள், தோழர்களே! அவருக்கு விழாதவை வெறும் 342. இந்தச் சிறிய எண்ணை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவில் இது தேவைப்படும்.

அந்தக் கைதியின் பெயர் குவாமே நிக்ருமா.

நாட்டின் தென்மேற்கு மூலையில் நிக்ரோஃபுல் என்றொரு சிற்றூர். 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அவர் பிறந்த நாள் என்பர். தகப்பனார் பொற்கொல்லர். தாய் சிறு வியாபாரம் செய்து பிழைத்தவர். அந்தத் தாய்க்கு அவர் ஒரே பிள்ளை. அக்ராவை அடுத்த அச்சிமோட்டாவில் ஆசிரியர் பயிற்சி பெற்று, 1930-இல் தேறி, எல்மினாவிலும் அக்சிமிலும் பள்ளி ஆசிரியராய் இருந்தார். எல்மினாவில் 1482-இல் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் நிலவறைகளில் ஆப்பிரிக்க மக்களை மந்தை மந்தையாய் அடைத்துக் கப்பலேற்றி விற்றார்கள். அந்த ஊரில் பாடம் சொல்லிக் கொடுத்த வாலிபனுக்கு, அந்தக் கோட்டையே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கும்!

1935-இல் அமெரிக்கா சென்றார். செல்வர் வீட்டுப் பிள்ளையாக அல்ல. பத்தாண்டுகள் அங்கே அவர் பட்ட பாடு கொஞ்சமா? நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் தெருவில் மீன் விற்றார். சோப்புத் தொழிற்சாலையில் நாற்றமெடுத்த கொழுப்பையும் குடலையும் வாரிச் சுமந்தார். கப்பலில் உணவு பரிமாறினார். கப்பல் கட்டும் துறையில் இரவு வேலை பார்த்தார். தங்க இடமில்லாத நாட்களில் சுரங்க ரயிலில் அங்குமிங்கும் போய்வந்து இரவைக் கழித்தார். பகலில் படிப்பு. லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1939-இல் பட்டம் பெற்றார். மேலும் பட்டங்களும் பெற்றார். உழைத்துக் காய்ப்பேறிய கையால் எழுதிய தேர்வு அது.

1945-இல் லண்டன் வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மான்செஸ்டர் நகரில் ஐந்தாவது ஆப்பிரிக்க ஒற்றுமை மாநாடு கூடியது. அதை நடத்தி வைத்தவர்களுள் ஜார்ஜ் பேட்மோரும் நிக்ருமாவும் முன்னின்றனர். அடிமைப்பட்ட நாடுகள் மனுப் போட்டுக் காத்திருக்கும் காலம் மலையேறிவிட்டது என்ற முடிவோடு அங்கிருந்து பலர் தத்தம் தாயகம் திரும்பினர்.

தங்கக்கரையில் அப்போது ஒரு கட்சி இருந்தது. ஐக்கிய தங்கக்கரை மாநாடு என்பது அதன் பெயர். வழக்கறிஞர்கள், வணிகர்கள், பட்டம் பெற்ற பெரியவர்கள் கூடிய கட்சி. டாக்டர் டாங்குவா அதன் தூண்களில் ஒருவர். அறிஞர், நாட்டுப்பற்று மிக்கவர். ஆனால் அவர்களுக்குத் தொழில் நீதிமன்றத்தில், அரசியல் ஓய்வு நேரத்தில். முழுநேரம் உழைக்க ஒரு செயலாளர் தேவைப்பட்டார். லண்டனிலிருந்து நிக்ருமாவை அழைத்தனர். 1947 டிசம்பரில் அவர் வந்து சேர்ந்தார்.

வந்த மூன்று திங்களுக்குள் நாடு தீப்பற்றியது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் பிரிட்டனுக்காகப் போராடித் திரும்பிய கறுப்புச் சிப்பாய்கள், தங்களுக்கு வாக்களித்த சலுகைகள் எங்கே என்று கேட்டு, 1948 பிப்ரவரி 28 அன்று கவர்னர் வாழ்ந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி நடந்தனர். கையில் ஆயுதமில்லை, மனு இருந்தது. வெள்ளைப் போலீஸ் அதிகாரி சுட்டார். மூன்று பேர் மாண்டனர். ஜப்பானியக் குண்டுக்குத் தப்பியவர்கள், தாங்கள் யாருக்காகப் போராடினார்களோ அவர்களுடைய குண்டுக்கே பலியாயினர்! கலவரம் மூண்டது. டாங்குவா, நிக்ருமா உள்பட ஆறு தலைவர்களைக் கைது செய்து வடபகுதிக்குக் கொண்டுபோயினர்.

வெளியே வந்தபின் கட்சிக்குள் பிளவு. பெரியவர்கள், கூடிய விரைவில் சுயாட்சி என்றனர். நிக்ருமா, இப்போதே சுயாட்சி என்றார். இரண்டு சொல்லில்தான் வேறுபாடு. ஆனால் ஒன்று வரவேற்பறையின் மொழி, மற்றொன்று வீதியின் மொழி! 1949 ஜூன் 12 அன்று அக்ராவில் பெருங்கூட்டத்தின் நடுவே மக்கள் மாநாட்டுக் கட்சி பிறந்தது. செஞ்சேவல் அதன் சின்னம். விடியலைக் கூவி அழைக்கும் பறவையல்லவா சேவல்!

அந்தக் கட்சியில் சேர்ந்தவர்கள் யார்? வேலை கிடைக்காத பள்ளிப் படிப்பாளிகள், குமாஸ்தாக்கள், லாரி ஓட்டுபவர்கள், ரயில்வேத் தொழிலாளர்கள், அங்காடிப் பெண்கள். மாடி வீட்டார் இவர்களுக்குத் திண்ணைப் பையன்கள் என்று பட்டம் சூட்டினர். பிறர் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்குபவர்கள் என்று பொருள். ஏளனமாய்ச் சொன்னதை இவர்கள் பெருமையாய் ஏற்றுக்கொண்டனர். ஆம், திண்ணைதான் எங்கள் பாசறை என்று நிமிர்ந்தனர். பழைய லாரியில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராய்ப் போயினர். நிக்ருமா நடத்திய அக்ரா மாலைச் செய்தி என்ற ஏட்டைப் படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதவர் சூழ்ந்து நின்று கேட்டனர்.

1950 ஜனவரி 8 அன்று நேரடி நடவடிக்கையை அறிவித்தார் நிக்ருமா. வன்முறையின்றி வேலைநிறுத்தம், ஒத்துழையாமை. காந்தியடிகளின் இந்தியப் போராட்டத்திலிருந்து கற்ற பாடம் அது என்பதை அவர் மறைக்கவில்லை. செக்கோண்டி, தக்கோரடி ரயில்வேத் தொழிலாளர்கள் அந்தப் போரின் முன்னணிப் படை. அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது, தலைவர்களைப் பிடித்தது. நிக்ருமாவுக்கு மூன்றாண்டுச் சிறை. எழுதத் தாளில்லை. கழிப்பறைக்கென்று அளந்து கொடுத்த காகிதத்தில் கட்சிக்கு ஆணைகள் எழுதி வெளியே அனுப்பினார்.

வெளியே கட்சியைக் காத்தவர் கோம்லா பெடமா. அவரும் சிறை சென்று மீண்டவர். தேர்தல் வந்தது. 21 வயது நிரம்பி ஊர் வரி கட்டிய ஆணும் பெண்ணும் ஓட்டுரிமை பெற்றனர். தொண்டர்கள் வீடு வீடாய் ஏறி இறங்கிப் பெயர் பதியச் செய்தனர். சிறையிலிருப்பவரையே வேட்பாளராக நிறுத்தினர். சட்டத்தில் அதற்கு இடுக்கு இருந்தது, அந்த இடுக்கில் நுழைந்தனர். விடுதலையான தோழர்கள் கைதிக் குல்லாயைத் தலையில் அணிந்து, அதில் பி.ஜி. என்ற இரண்டு எழுத்தைப் பொறித்துக்கொண்டனர். சிறைப் பட்டதாரி என்று பொருள்! பல்கலைக்கழகப் பட்டம் காட்டியவர்களுக்குப் பாமரர் கட்சி காட்டிய பட்டம் அது.

அந்தச் சட்டமன்றத்தை வெள்ளையர் எப்படி வகுத்திருந்தார்கள் என்பதையும் அறிய வேண்டும். மொத்தம் 84 இடங்கள். மக்களின் ஓட்டுக்கு விட்டவை 38 மட்டுமே. அவற்றிலும் நகரங்களின் ஐந்து இடங்களுக்குத்தான் நேரடித் தேர்தல். நாட்டுப்புறத்து 33 இடங்களுக்கு இரண்டு படித் தேர்தல். மற்றவை குறுநிலத் தலைவர் மன்றங்களுக்கும், வணிகர்களுக்கும், சுரங்க முதலாளிகளுக்கும், கவர்னரின் அதிகாரிகளுக்கும். அணை கட்டி மதகை இறுக்கி வைத்துவிட்டால் வெள்ளம் வராது என்று எண்ணினர். வெள்ளம் வந்தது! 38 இடங்களில் 34 இடங்களைச் செஞ்சேவல் கொத்திக்கொண்டது!

கவர்னர் ஆர்டன் கிளார்க் என்ன செய்வார்? சிறையில் வைத்தபடி ஆட்சியை நடத்த முடியுமா? பிப்ரவரி 12 அன்று சிறைக்கதவு திறந்தது. வாசலில் மனிதக் கடல். மறுநாள் அதே நிக்ருமா கவர்னரின் கோட்டைக்குள் அழைக்கப்பட்டார். மூன்றாண்டுக்கு முன் மனு கொண்டு நடந்த சிப்பாய்கள் சென்றடைய முடியாத கோட்டை. அதுவும் ஒரு காலத்தில் டேனியர் அடிமை வாணிபம் செய்த கோட்டை. ஜேம்ஸ் கோட்டைக்கும் இந்தக் கோட்டைக்கும் இடையில் இருந்தது அதிகத் தூரமில்லை. ஆனால் அந்தத் தூரத்தைத் துப்பாக்கியால் கடக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டால் கடந்தார். ஆட்சியின் அலுவல்களுக்குத் தலைவரானார், 1952-இல் பிரதமரானார்.

1954-இல் மீண்டும் தேர்தல். 104 இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெற்றி. ஆனால் அவ்வாண்டே புயலும் கிளம்பியது. நாட்டின் செல்வம் கோக்கோ. உலகச் சந்தையில் விலை ஏறிக் கிடக்க, உழவனுக்கு அரசு கட்டிய விலையோ குறைவு. கோக்கோ விளையும் அசாந்திப் பகுதி கொதித்தது. தேசிய விடுதலை இயக்கம் என்ற எதிர்க்கட்சி எழுந்தது. விடுதலை தருமுன் இன்னொரு தேர்தல் நடத்திக் காட்டுக என்றது லண்டன்.

1956 ஜூலையில் அந்தத் தேர்தல். 104-இல் நிக்ருமாவின் கட்சிக்கு 71. வடபகுதி மக்கள் கட்சிக்கு 15. தேசிய விடுதலை இயக்கத்துக்கு 12. மற்றவை சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும். அசாந்திப் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால், 21 இடங்களில் அவர் பெற்றவை எட்டே எட்டு! பதின்மூன்று இடங்களில் மக்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றனர். அப்படிச் சொல்ல அவர்களால் முடிந்தது. சொல்லியும் நாடு பிளக்கவில்லை. 1957 மார்ச் 6, நள்ளிரவு. அக்ராவின் பழைய போலோ மைதானத்தில் சிறைப் பட்டதாரிக் குல்லாயோடு நின்று விடுதலையை அறிவித்தார் நிக்ருமா. தங்கக்கரை மறைந்தது, கானா பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் தளை அறுத்த காலனி அது. கண்டமெங்கும் கண்ணீரும் களிப்பும்!

அவர் ஆட்சி செய்த நன்மைகளை மறைப்பது நன்றியன்று. தொடக்கப் பள்ளியில் கட்டணத்தை ஒழித்தார். 1961-இல் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தார். தேமாவில் புதிய துறைமுகம் எழுந்தது. வோல்ட்டா ஆற்றின் குறுக்கே அக்கசோம்போ அணை எழுந்து மின்விளக்கு ஏற்றியது. 1960-இல் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கென்று பத்து இடங்களைச் சட்டத்தால் ஒதுக்கினார். அடிமைப்பட்ட பிற ஆப்பிரிக்க நாடுகளின் போராளிகளுக்கு அக்ரா அடைக்கலமாய் இருந்தது.

ஆனால், தோழர்களே, இங்கேதான் கதை திரும்புகிறது.

1958-இல் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. விசாரணையின்றி ஐந்தாண்டு வரை உள்ளே வைக்கலாம். சிறையிலிருந்து வந்தவர், சிறையைத் திறந்து வைத்தார், பிறருக்காக! 1960-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிக்ருமாவும் டாங்குவாவும் போட்டியிட்டனர். நிக்ருமாவுக்கு 10,16,076 ஓட்டுகள், டாங்குவாவுக்கு 1,24,623. இவ்வளவு பெரிய வெற்றி பெற்றவருக்கு அச்சம் எதற்கு? அதுதான் வியப்பு! வெற்றி பெருகப் பெருக, எதிர்ப்பைப் பொறுக்கும் மனம் சுருங்கியது.

1961-இல் வரவு செலவுத் திட்டத்தில் கட்டாயச் சேமிப்பு என்று தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு ஐந்து பிடித்தனர். செக்கோண்டி, தக்கோரடியில் வேலைநிறுத்தம். யார் அந்தத் தொழிலாளர்கள்? 1950-இல் நிக்ருமாவுக்காக ரயிலை நிறுத்திச் சிறை சென்றார்களே, அதே ஊரார்! அவர்களுடைய முன்னணியினரைத் தடுப்புக் காவலில் அடைத்தார் அவர். சிறையிலிருந்தவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்த பெடமா பதவி இழந்து நாட்டை விட்டே ஓடினார். அவரைத் தாயகத்துக்கு அழைத்த கட்சியின் தூணாய் இருந்த டாங்குவா, 1961-இல் பிடிபட்டு, விடுதலையாகி, 1964-இல் மீண்டும் பிடிபட்டார். 1965 பிப்ரவரி 4 அன்று நிசவாம் சிறையிலேயே உயிர் துறந்தார். தண்டனை இல்லை, தீர்ப்பு இல்லை, விசாரணையே இல்லை.

அவர் பக்கமும் நியாயம் உண்டு என்பார் உண்டு. குலுங்குகு என்னும் ஊரில் 1962-இல் அவர்மீது குண்டு வீசினர். 1964-இல் மாளிகைக் காவலனே துப்பாக்கியால் சுட்டான். அவர் தப்பினார், மெய்க்காவலர் மாண்டார். வல்லரசுகளின் சூழ்ச்சியும் இருந்தது. கோக்கோ விலை வீழ்ச்சியும் வாட்டியது. எல்லாம் மெய். ஆனால் குண்டு வீசியவனைப் பிடிக்கச் சட்டம் போதும். குறை சொன்னவனையெல்லாம் குண்டு வீசியவன் வரிசையில் நிறுத்தியதுதான் பிழை.

1964 ஜனவரியில் கானா ஒரே கட்சி ஆளும் நாடாக வேண்டுமா என்று மக்களைக் கேட்டனர். அரசு வெளியிட்ட கணக்கு இது: ஆதரவு 27,73,920, எதிர்ப்பு 2,452. அதைவிட விந்தை ஒன்று கேளுங்கள். 1956-இல் பதின்மூன்று இடங்களில் எதிர்க்கட்சிகளை வெல்லவைத்த அசாந்திப் பகுதி முழுவதிலும் எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லையாம்! மறு ஆண்டு, 1965 ஜூனில், நாடாளுமன்றத் தேர்தல். 198 இடங்கள்; கட்சி நிறுத்திய 198 பேரும் போட்டியின்றித் தேர்வு. ஒரு பெட்டியும் திறக்கவில்லை. ஒரு சீட்டும் விழவில்லை.

போட்டியில்லாத தேர்தலில் தொண்டனுக்கு என்ன வேலை? கதவு தட்ட வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து குறை கேட்க வேண்டியதில்லை. கட்சி இருந்தது, கொடி இருந்தது, கோட்டை போன்ற அலுவலகம் இருந்தது. தெரு மட்டும் இல்லை.

1966 பிப்ரவரி 24. வியட்நாம் போரை நிறுத்தத் தூது சென்ற நிக்ருமா பீகிங் நகரில் இறங்கியபோது செய்தி வந்தது: படையினர் ஆட்சியைப் பிடித்துவிட்டனர். மாளிகைக் காவற்படை சில மணி நேரம் எதிர்த்து நின்றது. கட்சி? ஒரு விரலும் அசையவில்லை. அங்காடிப் பெண்கள் தெருவில் ஆடினர். நாடாளுமன்றத்தின் முன் நின்ற அவரது சிலையைக் கீழே சாய்த்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவரைத் தோளில் சுமந்த அதே ஊர்!

கினி நாட்டில் செக்கூ தூரே அடைக்கலம் தந்தார். தம்மோடு இணைத் தலைவர் என்ற பட்டமும் தந்தார். 1972 ஏப்ரல் 27 அன்று, ருமேனிய நாட்டுப் புக்காரெஸ்டில், புற்றுநோயால் நிக்ருமா மறைந்தார். உயிரோடு அவர் தாயகம் திரும்பவில்லை. உடல் திரும்பியது. முதலில் நிக்ரோஃபுல்லில் அடக்கம். 1992-இல் அக்ராவில், விடுதலையை அறிவித்த அதே மைதானத்தில் நினைவு மாளிகை. அங்கே உடைந்த பழைய சிலையையும் வைத்திருக்கின்றனர். தலையற்ற உடல் ஓரிடத்தில். தலை தனியே ஓரிடத்தில். அவர் வாழ்வை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

கானா மக்கள் அவரை மறக்கவில்லை, பாடத்தையும் மறக்கவில்லை. படையாட்சிகள் வந்து வந்து போனபின், 1992-இல் பல கட்சி அரசியல் சட்டம் எழுதிக்கொண்டனர். 2000, 2008, 2016, 2024 ஆகிய நான்கு தேர்தல்களில் ஆண்ட கட்சி தோற்றது. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. 2008 தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வேறுபாடு நூற்றுக்கு ஒன்றில் பாதிகூட இல்லை. தோற்றவர் ஒதுங்கினார், வென்றவர் அமர்ந்தார். விடுதலை வாங்கித் தந்த வீரருக்கு அந்த நாடு செய்த உண்மையான நினைவுச் சின்னம் பளிங்கு மாளிகையன்று, இதுதான்.

இப்போது அந்த 342-ஐ எடுங்கள், தோழர்களே! 1951-இல் ஊரே ஒருவர் பக்கம் திரண்டபோது, தங்கள் ஓட்டை அவருக்குத் தர மறுத்தவர்கள் அவர்கள். அவர்களை யாரும் அடிக்கவில்லை, அடைக்கவில்லை. அந்த 342 இருந்ததால்தான் 22,780 உண்மை என்று கவர்னரும் நம்பினார், உலகமும் நம்பியது, சிறைக்கதவு திறந்தது. 1964-இல் அசாந்தியில் அந்த 342 பூஜ்யமாயிற்று. 27 லட்சம் ஓட்டையும் எவரும் நம்பவில்லை. இரண்டே ஆண்டில் கதவு மூடிக்கொண்டது.

உங்கள் தெருவிலும் நமக்கு ஓட்டுப் போடாத வீடு ஒன்று இருக்கும். கதவைத் தட்டினால் முகம் கொடுக்காத வீடு. வெற்றி விழா நாளில் அந்த வீட்டு வாசலில் வெடி வைக்காதீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். நம் வெற்றி உண்மை என்பதற்குச் சாட்சி அந்த வீடுதான்!